கரடியின் கால் ஏன் இளைப்பதில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இடுப்பு எலும்பு முறிந்து என் அப்பா மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்தார். அதற்குள் தொடை பாதியாக இளைத்துவிட்டது. எழுப்பி நிறுத்தினால் கால் தள்ளாடுகிறது. கரடி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்துவிட்டு வசந்தத்தில் எழுந்து நடந்து போகிறதே, எப்படி? குளிரில் உடம்பு நடுங்குவதே அதற்கு உடற்பயிற்சி ஆகிவிடுகிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அது சரியா?

மு.

அன்புள்ள மு.,

கரடி நடுங்குவது உண்மைதான். அந்த நடுக்கம் உடற்சூட்டைக் காக்கிறது. தசை தப்பிப்பதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பழுப்புக் கரடிகளின் பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசைகளுக்குப் போகும் நரம்பைத் துண்டித்தார்கள். நரம்பு அறுந்த தசைக்குக் கட்டளை போகாது. அது நடுங்கவும் முடியாது, சுருங்கவும் முடியாது. கோடையில் இதைச் செய்தபோது எந்த விலங்கிலும் நடப்பதுபோலத் தசை கரைந்தது. குளிர்கால உறக்கத்தின்போது செய்தால், ஏறக்குறைய அப்படியே இருந்தது. நரம்பும் தசையும் அவையேதான், பருவம்தான் வேறு.

அப்படியென்றால் காப்பு உடம்பு முழுவதற்குமாக எங்கிருந்தோ வருகிறது. ரத்தத்திலிருந்து வருகிறது என்பதற்கு நல்ல தடயம் இருக்கிறது. ரத்த அணுக்களையும் உறைபொருளையும் நீக்கினால் எஞ்சும் தெளிநீருக்கு சீரம் என்று பெயர். குளிர்காலக் கரடியின் சீரத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதத் தசைச் செல்களில் விட்டபோது, அவற்றில் புரதம் சிதைவது குறைந்தது. இது 2018இல். ஜப்பானியக் கருங்கரடியின் சீரத்தை வைத்து 2022இல் செய்த ஆய்வில் செல்களின் புரத அளவே கூடியது.

தசையை ஒருமுறை கட்டி முடித்த சுவராக நினைத்தால் இது புரியாது. நம் தசையில் நாளுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை புரதம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. படுக்கையில் விழுந்த மனிதருக்குக் கட்டும் வேலை சரிந்துவிடுகிறது, இடிக்கும் வேலை தொடர்கிறது. உங்கள் அப்பாவின் தொடையில் நடந்தது இதுதான். கரடியில் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன, அதனால் கணக்கு நேராகிறது. கரடியைப் போலவே குளிர்காலத்தில் உறங்கும் தரை அணிலில் இடிப்பைத் தடுக்கும் ஒரு பிடி தெரிய வந்திருக்கிறது. எஸ்ஜிகே1 என்ற புரதம் கூடி, இடிப்புக்கான மரபணுக்களை முடுக்கிவிடும் ஃபாக்ஸ்ஓ3ஏ என்ற புரதத்தை அடக்கி வைக்கிறது. அந்த எஸ்ஜிகே1ஐ எலியில் கூட்டியபோது, காலை அசையாமல் கட்டிப்போட்டும் தசை அவ்வளவாக இளைக்கவில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எவ்வளவு சிக்கனமாக இடித்தாலும் கொஞ்சம் புரதம் உடையத்தான் செய்யும். அதிலுள்ள நைட்ரஜன் யூரியாவாகிறது. நாம் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறோம், உண்ணாதபோது அது திரும்பாத நஷ்டம். கரடி குளிர்காலம் முழுதும் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகத்திலிருந்து சொட்டும் கொஞ்சமும் சிறுநீர்ப்பைச் சுவர் வழியாக ரத்தத்துக்கே திரும்புகிறது. ரத்தத்திலுள்ள யூரியா குடலுக்குள் கசிகிறது. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி எந்தப் பாலூட்டியிடமும் இல்லை, குடல் நுண்ணுயிர்களிடம் உண்டு. அவை யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்க, அந்த நைட்ரஜன் மீண்டும் புரதத்தின் செங்கல்லான அமினோ அமிலமாகிறது. பசுவின் வயிற்றிலும் இதே மறுசுழற்சிதான்.

2022இல் பதின்மூன்று கோட்டுத் தரை அணில் என்ற இனத்தில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அடையாளமிட்ட நைட்ரஜன் கொண்ட யூரியாவை ஊசியில் செலுத்தினார்கள். அந்த நைட்ரஜன் பின்னர் கல்லீரலிலும் தசைப் புரதத்திலும் கிடைத்தது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களை ஒழித்த அணில்களில் அது தசைக்குப் போய்ச் சேருவது வெகுவாகக் குறைந்தது. பட்டினி மாதக்கணக்கில் நீண்ட குளிர்காலக் கடைசியில்தான் இந்த மீட்பு உச்சத்தில் இருந்தது. தசை எப்போது அதிகம் தேவையோ அப்போது!

அணிலின் வழி கரடியின் வழியிலிருந்து கொஞ்சம் வேறு. கரடியின் உடற்சூடு 30 பாகைக்குக் கீழே அரிதாகவே போகும். தரை அணில் 5 பாகை அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஆர்க்டிக் தரை அணிலில் மைனஸ் 2.9 பாகை பதிவாகியிருக்கிறது. அந்தக் குளிரில் கட்டுவதும் இடிப்பதும் ஏறக்குறைய நின்றே போகும். அதனால் ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை அது முழுச் சூட்டுக்கு வந்து ஒரு நாளுக்கும் குறைவாக விழித்திருக்கும். புரத வேலை எல்லாம் அப்போதுதான்.

கரடி எதையுமே இழப்பதில்லை என்பதும் மிகை. 130 நாளில் கருங்கரடி ஏறக்குறைய 23 சதவீத வலிமையை இழக்கிறது. அவ்வளவு காலம் படுத்திருக்கும் மனிதர் 90 சதவீதம் இழப்பார் என்று அதே ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கால்களிலிருந்து சுமார் 1 கிலோ கொழுப்பற்ற திசுவை இழந்திருக்கிறார்கள், ஆகவே அவர் கால் இளைத்தது எதிர்பார்க்க வேண்டியதே. நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். புரதம் மட்டும் போதாது, சுருங்காத தசை அதைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவர் அனுமதித்தால், படுத்தபடியே முழங்காலின் பின்புறத்தை மெத்தையில் அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து நொடி வைத்துத் தளர்த்தட்டும். பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. காலில் பாரம் ஏற்றலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து உட்காரப் பழக்குங்கள்.