அப்பப்பாவின் பெட்டியில் இருந்த ஒல்லாந்தர் காசை இணைய ஏலத்தில் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அப்பப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து கொஞ்சம் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலச் செப்புக்காசு, ஒரு பித்தளைத் திசைகாட்டி, திருகோணமலைத் துறைமுகப் படம் போட்ட பழைய தபால் அட்டைகள் கிடைத்திருக்கின்றன, வெளிநாட்டு ஏலம் ஒன்றில் போட்டால் நல்ல விலை வருமா, அதற்கு முன் காசுகளைத் துலக்க வேண்டுமா.

முதலில், துலக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. வீட்டில் எல்லோரிடமும் இன்றைக்கே சொல்லிவையுங்கள், புளியும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம், பித்தளை துலக்கும் பிராசோவும் வேண்டாம். அந்தப் பழுப்புப் படலம்தான் செம்பைக் காத்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பதினான்கு வயதில் அம்மப்பா காலமானார். திருகோணமலை உவர்மலை வீட்டை ஒதுக்கும்போது ஒரு பிஸ்கட் தகரம் வந்தது, உள்ளே முப்பது முப்பத்தைந்து காசுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தாளில் சுற்றியபடி, தாளில் பென்சிலால் ஒரு வரியோ இரண்டு வரியோ. நான் தாள்களையெல்லாம் பிரித்து அடுப்படிக் குப்பையில் போட்டுவிட்டு, காசுகளைப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மாவும் சந்தோஷப்பட்டார். இருபது வருடம் கழித்து ஐரோப்பாவில் ஒரு ஏலக்கூடத்துக்குப் படங்கள் அனுப்பியபோது அவர்கள் இரண்டே கேள்விதான் கேட்டார்கள்: துலக்கியிருக்கிறீர்களா, எங்கிருந்து வந்தது என்று ஏதாவது எழுத்து இருக்கிறதா. தகரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு தாள் மட்டும், உள்ளே சுற்றிய காசோடு, தப்பியிருந்தது. "தட்டாரிடம் எடுத்தது, உருக்க வைத்திருந்தார், 1951." அந்த ஒரு வரியை இன்று படித்தாலும் மற்ற முப்பது தாள்களில் என்ன எழுதியிருந்தார் என்றுதான் மனம் ஓடுகிறது.

சரி, உங்கள் காசுகளுக்கு வருவோம். ஒல்லாந்தர் செப்புக்காசு என்றாலே அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் அடித்துக் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்த டொயிட் காசு ஏராளம் (நம் பேச்சில் துட்டு என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான்), அது கிழக்கிந்தியத் தீவுகள் வரை புழங்கியது, இன்றும் சல்லிசாகவே கிடைக்கிறது. நீங்கள் தேட வேண்டியது இலங்கையிலேயே அடித்த ஸ்டைவர் காசு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடித்தவை, தடிப்பானவை, வட்டம்கூடச் சரியாக இராது. ஒரு பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. (VOC) முத்திரையும் அதற்கு மேலே அடித்த ஊரின் எழுத்தும், மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். கொழும்புக்கு சி (C), காலிக்கு ஜி (G), நம் திருகோணமலைக்கு டி (T) என்ற ஆங்கில எழுத்து. 1795இல் ஆங்கிலேயர் நம் கோட்டையைப் பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. அம்மப்பாவின் அந்தத் தாளில் சுற்றியிருந்தது டி எழுத்துக் காசுதான். அதை முதன்முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது என் கை நடுங்கியது உண்மை. நாம் நடந்து திரிகிற இந்த ஊரின் பெயருக்காக அடித்த காசு.

ஆனால் அதை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப முடியுமா? நினைத்தபடி முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட காசு, சிலை போன்றவற்றைத் தொல்பொருளாகப் பார்க்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம், தபாலில் ஒரு காசை வைத்து அனுப்பினாலும் அதேதான். அதற்குப் பிந்தியவை என்றால், உதாரணமாக நான்காம் ஜோர்ஜ் தலையும் யானையும் போட்ட 1821 வெள்ளி றிக்ஸ் டொலர், அதையும் சும்மா அனுப்பிவிடாதீர்கள், 1988இன் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. முதலில் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று, மண்ணுக்குள் மறைந்து கிடக்கிற தொல்பொருள் அரசுடையது, காணி உங்களுடையதாக இருந்தாலும். ஆகவே யாராவது "தோண்டும்போது வந்தது, மலிவாகத் தருகிறேன், உங்கள் பெட்டியோடு சேர்த்து ஏலத்தில் போடுங்கள்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 1950இல் இங்கே கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வந்தன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை என்றுதான் ஊர் நம்புகிறது. கிடைத்த இடம் எல்லோருக்கும் தெரிந்ததால் அவை இன்று கோயிலில் பூசையில் இருக்கின்றன. அதே கிணற்றை இரவில் ஒரு களவுக் கூட்டம் வெட்டியிருந்தால் "தென்னிந்திய வெண்கலம், தனியார் சேகரிப்பு" என்ற ஒரு வரியோடு எங்கோ ஒரு ஏலப் பட்டியலில் போயிருக்கும்.

எழுத்து இருந்தாலே நம்பிவிடலாமா என்றால் அதுவும் இல்லை. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தன் கோயில் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, கூடவே வந்த உரிமைப் பத்திரங்கள் பொய். அந்தச் சிலை கோயிலில் இருந்ததைக் காட்டும் பழைய படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்ததால்தான் 2014இல் அது திரும்பி வந்தது. ஆகவே உங்கள் பெட்டியை இன்று இருக்கிறபடியே, மூடியோடு, ஒவ்வொரு பொருளாக, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

வாங்கும் பக்கமும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியைத் திறந்தவர்கள் அடுத்து வாங்கத் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். ஏலத்தில் சுத்தியல் விழுகிற விலை நீங்கள் கட்டும் விலையாக இராது. பல கூடங்கள் அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று கால்வாசி வரை சேர்க்கின்றன, நூறு பவுணுக்குக் கேட்டால் நூற்றிருபத்தைந்து, பிறகு தபால், காப்புறுதி, இங்கே சுங்கம். எல்லாவற்றையும் கூட்டி உங்கள் எல்லையை முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டு உட்காருங்கள். ஒருமுறை எனக்கு இன்னொரு டி காசு அகப்பட்டது, நல்ல தெளிவு, விலையும் பரவாயில்லை, எடுத்தேன். இரண்டு மாதத்தில் வேறு இரண்டு ஏலங்களில் அதே காசு, விளிம்பில் அதே இடத்தில் அதே பள்ளத்தோடு. கையால் அடித்த காசு இரண்டு ஒருபோதும் அப்படி ஒத்து வராது, மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. கையில் எடுத்துப் பார்த்தால் எழுத்து சவர்க்காரம் கரைந்ததுபோல மழுங்கியிருந்தது, ஓரத்தில் மெல்லிய இணைப்புக்கோடு ஒன்று ஓடியது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

திசைகாட்டியைப் பற்றி உங்களுக்கு வருத்தமான செய்தி சொல்ல நேரலாம். துறைமுக ஊர் என்பதால் பித்தளையில் எது இருந்தாலும் வெள்ளைக்காரன் கப்பலில் இருந்து வந்தது என்று இங்கே சொல்வது வழக்கம். இந்தியாவின் ரூர்க்கி போன்ற இடங்களில் பழைய லண்டன் பெயர்களைப் பொறித்து இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள். உண்மையான பிரிட்டிஷ் படைப் பொருளில் பெரும்பாலும் அம்புக்குறி முத்திரையும் தொடரிலக்கமும் இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

தபால் அட்டைகளில் முத்திரையைக் கழற்ற வேண்டாம், தபால் நிலைய முத்திரை குத்திய தேதியோடு முழு அட்டையாக இருக்கட்டும். கொழும்பின் பழைய படப்பிடிப்பு நிறுவனமான பிளேட் கம்பனி அச்சிட்டதா என்று பாருங்கள். உண்மையில் காசை விட இந்த அட்டைகளைத்தான் நான் முதலில் பார்க்க ஆசைப்படுகிறேன், டொக்யாட் வீதியும் உட்துறைமுகமும் அந்தக் காலத்தில் எப்படி இருந்தன என்று காட்ட நம்மிடம் வேறு என்ன இருக்கிறது.

அப்புறம், அப்பப்பா இந்தக் காசுகளை யாரிடம் எடுத்தார் என்று தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? மாமியோ பெரியப்பாவோ யாராக இருந்தாலும் இந்த வாரமே பெட்டியைக் கொண்டுபோய் முன்னால் வைத்து, ஒவ்வொரு காசாகக் கையில் கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் பேச்சிலேயே, பென்சிலால் எழுதி அந்தந்தக் காசோடு வையுங்கள்.