பழைய எதிரி எங்கே?

கேள்வி: 'டிராகன் ஏஜ்' வீடியோ கேமின் முதல் பாகத்தில், நாட்டையே விழுங்க வரும் அரக்கப் படையோடு போர். ஆசையாக இரண்டாம் பாகத்தை வாங்கினால், ஏதோ ஓர் ஊரில் மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர் படைக்கும் தகராறு. பழைய பெயரை ஒட்டிப் புதுச் சரக்கை விற்பது ஏமாற்று வேலை இல்லையா?
— வாசகர் ஒருவர், ஆரப்பாளையம், மதுரை

பதில்: ஆரப்பாளையத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? புட்டுத்தோப்பு உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. தருமிக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நக்கீரரோடு மல்லுக்கு நின்ற அதே சொக்கநாதர், இங்கே வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்கு மண் சுமக்க வந்து, வேலையைப் போட்டுவிட்டுத் தூங்கிப் பிரம்படி வாங்குகிறார். 64 திருவிளையாடல்களில் எதற்காவது, "நக்கீரர் எங்கே?" என்று யாரேனும் சண்டைக்கு வந்ததுண்டா?

2009இல் வந்த முதல் பாகத்தில் அரக்கர்களோடு பேச்சுக்கே இடமில்லை; வெட்டினால் தீர்ந்தது. (உள்ளூர்த் துரோகி ஒருவர் உண்டு. அவர் கதை தனி.) 2011இல் வந்த இரண்டாம் பாகத்தின் நாயகர் ஹாக், அதே படைக்குத் தப்பிக் குடும்பத்தோடு கப்பலேறி வந்த அகதி. கிர்க்வால் நகர வாசலில் உள்ளே விட மறுக்கிறார்கள். ஓராண்டு அடிமாட்டு உழைப்பு உழைத்துத்தான் நுழைவுக்கான கடனைத் தீர்க்கிறார். அவரிடம் போய் அரக்கன் எங்கே என்கிறீர்கள்!

இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடவும்.

ஆண்டர்ஸ் என்ற மந்திரவாதி உங்கள் கூடவே வருவார். காயம் பட்டால் ஆற்றுவார், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பார். கடைசியில் ஊரின் பெரிய வழிபாட்டு மன்றத்தை, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே வெடித்துத் தகர்த்துவிடுவார். அவரைக் கொல்வதா, விடுவதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகன் அந்த இடத்தில் கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. முதல் பாகத்தில் அரக்கர்களை வெட்டியபோது அவன் ஒரு வாய் காபியைக்கூடத் தவறவிட்டதில்லை.

உங்களுக்குக் கோபித்தே ஆகவேண்டுமென்றால் நியாயமான காரணம் ஒன்று தருகிறேன். வேறு வேறு இடம் என்று சொல்லி, அதே குகைக்குள் திரும்பத் திரும்ப அனுப்பினார்களே, அதைக் கேளுங்கள். ஒரு வழியை அடைத்துவைத்தால் புதுக் குகை ஆகிவிடுமா?

எதிரியை மாற்றாமலிருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது? 'டிராகன் ஏஜ்' தயாரித்த அதே பயோவேர் நிறுவனம் 'மாஸ் எஃபெக்ட்' கேம் வரிசையில் 2007 முதல் 2012 வரை மூன்று பாகங்களிலும் ரீப்பர்களையே பெரிய எதிரியாக வைத்திருந்தது. முடிவைப் பார்த்து ரசிகர்கள் போட்ட கூச்சலில், சில மாதங்களிலேயே அந்த முடிவை நீட்டி இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று.

'டிராகன் ஏஜ்' மூன்றாம் பாகம் 2014இல் வந்துவிட்டது. அதில் வானமே பிளக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும். முடித்த கையோடு, "அந்த ஊர்த் தகராறே தேவலாம்" என்று எனக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள்.