கோப்புக் கேள்விகள்: ஐந்தாவது புலம் எங்கே போனது?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: அந்த மென்பொருளில் இருந்தது, இந்த மென்பொருளில் திறந்து சேமித்ததும் போய்விட்டது.

கேள்வி: தொடர்புகளை விகார்டு கோப்பாக ஏற்றுமதி செய்து வேறொரு முகவரிப் புத்தகத்துக்கு மாற்றினேன். பெயரும் எண்ணும் வந்துவிட்டன. நான் சேர்த்து வைத்திருந்த சில விவரங்கள் வரவில்லை.

பதில்: விகார்டு வெறும் உரைக் கோப்புதான், உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் ஒரு சிறுகோடுமாகத் தொடங்கும் வரிகள், ஏற்றுமதி செய்த மென்பொருள் தனக்கென்று வைத்துக்கொண்ட புலங்கள், அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் பெயரிட்டு ஒதுக்கிய இடங்கள். விகார்டு வடிவத்தின் விதிமுறை அதற்கு இடம் தருகிறது. ஆனால் வாங்கிக்கொள்ளும் மென்பொருளுக்கு அவை புரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரிகள் அங்கே இருந்தால் விவரங்கள் பிழைத்திருக்கின்றன. ஒரு நகலில் அவற்றைப் பொதுவான குறிப்புப் புலத்துக்கு மாற்றி மறுபடி இறக்குமதி செய்யுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) விரிதாளில் திறந்து சேமித்தேன். 00417 என்பது 417 ஆகிவிட்டது.

பதில்: இரட்டைக் கிளிக் செய்து திறந்தீர்கள், அல்லவா? இறக்குமதி வழியாகப் போய் அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்திருக்க வேண்டும். எக்செலில் 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்களுக்கு இதைவிட மோசமான கதி. மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். மூலக் கோப்பு இருக்கிறதா?

கேள்வி: எங்கள் நிரல் ஒரு ஜேசன் கோப்பை (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் உரை வடிவம்) படித்து, திருத்தி, எழுதுகிறது. தங்கள் புலங்கள் காணாமல்போகின்றன என்று இன்னொரு குழு சண்டைக்கு வருகிறது. எங்களுக்குத் தேவையில்லாத புலங்களைத்தானே விட்டோம்?

பதில்: ‘எங்களுக்குத் தேவையில்லாத’ என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா? கோப்பு உங்களுடையது இல்லை. உங்கள் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கிறது என்பதற்காகத் தபால்காரர் கடிதத்தைக் கிழித்துப் போடுவதில்லை.

நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பதிவில் ஐந்து புலங்கள்: பெயர், நீளம், அகலம், நிறம், அனுமதிக்கும் பிசகு (அளவு எவ்வளவு தப்பலாம் என்பது). பதிவை வாங்கி வைக்க உங்கள் நிரலில் வரையறுத்த அச்சில், அதாவது வகுப்பில், முதல் நான்குக்குத்தான் இடம். படிக்கும்போதே ஐந்தாவது சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுகிறது. பிழைச் செய்தி கிடையாது. நீங்கள் நிறத்தை மட்டும் மாற்றிச் சேமிக்கிறீர்கள். அடுத்த மென்பொருள் பிசகைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, தன் இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்கிறது. அளவு தப்பிப்போன பிறகு யார் செய்தார்கள் என்று தேடினால், எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இருக்காது. எனக்கே ஒருமுறை, வெளியே போய்த் திரும்பிய ஆவணத்தில் இரண்டு மாத ஓரக்குறிப்புகள் மொத்தமாகப் போயிருந்தன. அனுப்பியவரைக் கேட்டால், ‘எழுத்துப் பிழைகளைத்தான் திருத்தினோம்’ என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

தெரியாத புலங்களை ஒரு பையில் போட்டு வைத்து, எழுதும்போது திருப்பிக் கொடுங்கள். ஜேசனைப் படிக்கவும் எழுதவும் உதவும் நல்ல நிரல் நூலகங்கள் பலவற்றில் இதற்கென்றே வசதி உண்டு. இல்லாவிட்டால் வகுப்பை மறந்துவிட்டு, கோப்பின் முழு மரத்தையும், அதாவது எல்லாப் புலங்களையும், நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திருத்த வேண்டிய கிளையை மட்டும் தொடுங்கள். கூகுளின் தகவல் பரிமாற்ற வடிவமான புரோட்டோபஃப்கூட மூன்றாம் பதிப்பில் தெரியாத புலங்களை முதலில் தூக்கி எறிந்தது; 2017இல் வந்த 3.5 பதிப்பில்தான் மறுபடி காப்பாற்றத் தொடங்கியது. பெரியவர்களே பின்வாங்கிய இடம் இது.

கேள்வி: அப்படியானால் புரியாததையெல்லாம் பைட் மாறாமல் நகலெடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. ஒளிப்படக் கோப்பில் கேமரா தயாரிப்பாளர் எழுதும் ‘மேக்கர் நோட்’ பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பல கேமராக்களில் அதற்குள், ‘கோப்பின் இன்ன பைட்டில் பார்’ என்று சொல்லும் சுட்டிகள் இருக்கும். திருத்தும் மென்பொருள் முன்னால் ஒரு தலைப்பைச் சேர்த்து அந்தப் பகுதியை நூறு பைட் தள்ளி வைத்தால், சுட்டிகள் எல்லாம் தப்பான இடத்தைக் காட்டும். ஒரு பைட்டும் மாறவில்லை, தகவல் கெட்டுவிட்டது.

பி.என்.ஜி. என்ற பட வடிவத்தை அமைத்தவர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். கோப்பு துண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு ஆங்கில எழுத்தில் பெயர். முதல் எழுத்து சிறியதானால், அந்தத் துண்டு புரியாவிட்டாலும் படத்தைக் காட்டலாம். கடைசி எழுத்து சிறியதானால், படத்தைத் திருத்திய பிறகும் துண்டை நகலெடுக்கலாம். பெரியதானால், படத்தின் முக்கியத் துண்டுகளை மாற்றிவிட்டுப் புரியாத அதைச் சுமக்கக் கூடாது. பெயருக்குள்ளேயே கட்டளை. இவ்வளவு நேர்த்தி வேறு வடிவங்களில் அரிது.

கேள்வி: ஜேசனில் போன அடையாள எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் மாறிவிட்டது.

பதில்: ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி வழியாகப் போயிருக்கும். சுமார் 9,000 லட்சம் கோடிக்கு மேல் அதன் சாதாரண எண் வகை ஒவ்வொரு முழு எண்ணையும் துல்லியமாகப் பிடிக்காது. அடையாள எண்ணைக் கூட்டவா போகிறீர்கள்? மேற்கோள் குறிக்குள் உரையாக அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு மென்பொருள் எதையாவது உதிர்க்கிறதா என்று முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: நகலெடுத்துத் திறந்து, ஓர் இடைவெளியைத் தட்டி அழித்துவிட்டுச் சேமியுங்கள், மாற்றமே இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் எழுதாமலே ஏமாற்றும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். வரிசையும் இடைவெளியும் மாறலாம், பரவாயில்லை. புலப் பெயர்களின் பட்டியல் குறையக் கூடாது. டாக்எக்ஸ் (வேர்டு ஆவணம்) போன்றவை உண்மையில் ஜிப் பொட்டலங்கள், பிரித்துவிட்டு ஒப்பிடுங்கள். மறுபடி சொல்கிறேன், நகலில்.

கேள்வி: கோப்பு திறக்கவில்லை. மிக அவசரம். இணைத்திருக்கிறேன்.

பதில்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, கடைசியாக எதில் சேமித்தீர்கள், எதுவும் இல்லை. இணைத்ததாகச் சொன்ன கோப்பும் இல்லை.