எட்டு மீட்டர் ஏறி இறங்கும் துறைமுகம்

கேள்வி: கனடாவின் செயின்ட் ஜான் துறைமுகத்தில் கடல் எட்டு மீட்டர் வரை ஏறி இறங்குமாமே! சுற்றுலாக் கப்பலைக் கரையில் கயிற்றால் கட்டி நிறுத்திய பிறகு கேப்டனுக்கு என்ன வேலை?

பதில்: கட்டிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஃபண்டி விரிகுடாக் கரையில் உள்ள இங்கே, தாழ்நீரிலிருந்து உயர்நீருக்குச் சுமார் 6 மணி 12 நிமிடம். ஏற்றம் சீராக வராது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, நடுவிலுள்ள இரண்டு மணிகளில் மும்மூன்று பங்கு. அதாவது, எட்டு மீட்டர் ஏற்றத்தில் மணிக்கு 2 மீட்டர்! அந்த நேரத்தில் கயிறுகளை விட்டு ஆட்கள் நகரக்கூடாது.

கப்பலிலிருந்து நேர்குறுக்கே கரைக்குப் போகும் கயிறு குட்டை. முதலில் விறைப்பதும் அறுவதும் அதுதான். நீளமான முன், பின் கயிறுகள் ஏற்றத்தை ஓரளவு தாங்கும். கயிற்றைச் சுருட்டும் இயந்திரமான வின்ச்சை, இழுவிசையைத் தானே சரிசெய்யும் தானியங்கி முறையில் விட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் காற்று தள்ளும்போது ஒரு முனை வின்ச் கயிற்றை விட்டுக்கொடுக்கும், மறுமுனை சுருட்டும். கப்பல் கரையோரமாக நகர்ந்து, நடைபாலமே சரிந்துவிடும். பிரேக்கில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் சரிசெய்வதே பாதுகாப்பு.

நடைபாலத்தின் சரிவு கூடினால் அதை வேறு தளத்தின் கதவுக்கு மாற்ற வேண்டும். அதுவரை யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது. பயணிகள் திரும்பும் நேரத்தில் இது வராதபடி காலையிலேயே அட்டவணை போடுவார்கள். வற்றும்போது கப்பலின் பக்கவிளிம்பு கரையின் ஃபெண்டர்மேல் (மோதலைத் தாங்கும் மெத்தைமேல்) மாட்டிக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.