ரேடியோ தொலைநோக்கியோடு வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரேடியோ வானியல் ஆய்வகத்தில் கவனிப்புப் பணியில் இருக்கிறேன், கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மேடம், இரவெல்லாம் கண்விழித்து வானத்தைப் பார்ப்பீர்களா?

இரவு ஷிஃப்ட் உண்டு, ஆனால் அது இருட்டுக்காக அல்ல. ரேடியோ அலைகளுக்குப் பகல் வெளிச்சம் தடையில்லை. சூரியனை ஒட்டித் தெரியும் பொருட்களை மட்டும் பெரும்பாலும் தவிர்ப்போம். மற்றபடி 24 மணி நேரமும் வேலை நடக்கும். மீட்டர், சென்டிமீட்டர் அலைகளுக்கு மேகமும் பெரிய தொல்லை இல்லை. மில்லிமீட்டர் அலைகளைத்தான் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். அதனால்தான் அல்மா தொலைநோக்கிகளைச் சிலி நாட்டில், 5000 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட பாலைவனத்தில் வைத்தார்கள். எங்களுக்குப் பயம் பலத்த காற்றுதான். அடிக்க ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு, டிஷ்களை நேர் மேலே பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பீர்களா?

இல்லை. எங்களுக்கு வருவதெல்லாம் எண்களும் வரைபடங்களும்தான்.

ஒரு ஷிஃப்டில் அப்படி என்னதான் செய்வீர்கள்?

யாருடைய திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது முன்பே முடிவாகியிருக்கும். முதலில், பிரகாசம் துல்லியமாகத் தெரிந்த ஒரு பொருளைப் பார்ப்போம். 3சி 286 என்ற குவேசார், அதாவது மிகத் தொலைவில் பிரகாசிக்கும் ஒரு விண்மீன் மண்டல மையம், எங்களுக்குப் பழைய நண்பர். அதன் பிரகாச அளவு சரியாக வந்தால்தான் மற்ற அளவுகளை நம்பலாம். அப்புறம் கேட்கப்பட்ட விண்மீன் மண்டலமோ, சுழன்றபடி சீராகத் துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரமான பல்சரோ. நடுநடுவே அருகிலிருக்கும் இன்னொரு அளவுகோல் பொருளுக்குத் திரும்பிப் போய்வருவோம். புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி போல 30 ஆன்டெனாக்கள் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு மக்கர் செய்யும். அதைக் குறித்துவைத்துவிட்டு மற்றவற்றோடு தொடர வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அலுப்பாகத் தெரியலாம். ஆனால் கவனமாக எழுதிய அந்தக் குறிப்பில்தான் பின்னால் டேட்டாவை அலசப் போகிறவரின் பல மாத உழைப்பு தங்கியிருக்கிறது.

ஆய்வகத்தைப் பார்க்க வந்தால் செல்போனை அணைக்கச் சொல்கிறார்கள். ஒரு போனால் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். வானத்திலிருந்து வரும் அலையின் வலிமையை அளக்கும் எங்கள் அலகு ஜான்ஸ்கி. விண்வெளியிலிருந்து ரேடியோ அலைகள் வருவதை 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த கார்ல் ஜான்ஸ்கியின் பெயர் அது. ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸுக்கு இத்தனை வாட் என்று கணக்கு. தசமப் புள்ளிக்குப் பின் 25 பூஜ்யம் போட்டு 1 எழுதுங்கள், அதுதான் ஒரு ஜான்ஸ்கி. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கையும் அதற்குக் கீழேயும் தேடுகிறோம். சாதாரண செல்போனை நிலாவில் வைத்து இயக்கினால், அதன் அலைவரிசையில் வானத்தின் மிகப் பிரகாசமான பொருட்களில் ஒன்றாக அது தெரியும். உங்கள் போன் நிலாவில் இல்லை, டிஷ்ஷுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்ததைக் கேளுங்கள். விண்வெளி வெடிப்பு போலவே தோன்றும் விசித்திரமான துடிப்புகள் அங்கே பல ஆண்டுகளாக அவ்வப்போது பதிவாகின. 13 திசைகளை ஒரே நேரத்தில் பார்க்கும் ரிசீவர் அது. துடிப்பு 13-லும் ஒன்றாக வந்ததால் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. மூலம் மட்டும் பிடிபடவில்லை. 2015-ல் பிடித்துவிட்டார்கள்: மைக்ரோவேவ் அடுப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்தால், அது அணையும் கணத்தில் கசியும் அலை. இந்தத் துடிப்புகளால், 2007-ல் அறிவிக்கப்பட்ட முதல் வேக ரேடியோ வெடிப்பும் (விண்வெளியிலிருந்து சில மில்லிசெகண்டுகளே நீடித்து வரும் ரேடியோ துடிப்பு) நிஜம்தானா என்ற சந்தேகம் கிளம்பியிருந்தது. ஆக, அடுப்பைக் கண்டுபிடித்ததும் ஒரு முக்கியமான ஆராய்ச்சிதான் என்பேன்.

அமெரிக்காவின் கிரீன் பேங்கில் தொலைநோக்கிக்கு அருகே டீசல் வண்டிகளைத்தான் ஓட்டுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கும் ரேடியோ இரைச்சல் எழுப்பும்.

கருந்துளைப் படத்தை 2017-ல் எடுத்து 2019-ல்தானே வெளியிட்டார்கள்? ஏன் அவ்வளவு தாமதம்?

எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலிருக்கும் கருந்துளையைத்தான் கேட்கிறீர்கள். பல கண்டங்களில் இருந்த தொலைநோக்கிகளின் டேட்டா இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குக் குவிந்திருந்தது. ஹார்ட் டிஸ்க்குகளாக விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத்திலிருந்து வர வேண்டியது குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை காத்திருந்தது. அதன்பின் தனித்தனிக் குழுக்கள் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் படத்தை உருவாக்கி ஒப்பிட்டார்கள். அந்தப் பொறுமையால்தான் படத்தை நம்புகிறோம்.

அக்கா, நான் பிஎஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு. என்ன படித்தால் இந்த வேலைக்கு வரலாம்?

அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கான ஃபூரியர் மாற்றத்தைப் பரீட்சைக்காகப் படிக்காதே, புரியும்வரை போட்டுப் பார். பைத்தானும் லினக்ஸும் பழகு. எலெக்ட்ரானிக்ஸ் பிடித்தால் இன்னும் நல்லது, ரிசீவர் செய்பவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. பல ஆய்வகங்கள் ஒரு காலக்கெடுவுக்குப் பிறகு டேட்டாவை எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன. ஒன்றை இறக்கி நீயே படமாக்கிப் பார். 1967-ல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், நீள நீளமான காகிதப் பதிவில் சின்னதொரு கிறுக்கலை ஒதுக்கித் தள்ளாததால்தான் பல்சர் கிடைத்தது.

இத்தனை செயற்கைக்கோள்கள் பறக்கின்றனவே, இனி உங்கள் பாடு?

கஷ்டம்தான். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. விண்வெளியிலுள்ள ஹைட்ரஜன் தன் ரேடியோ அலையை வெளியிடும் இடம் அது. ஆனால் 2023-ல் ஐரோப்பாவின் லோஃபார் ரேடியோ தொலைநோக்கி, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் மின்னணுச் சாதனங்களிலிருந்தே தேவையில்லாத அலை கசிவதைப் பதிவு செய்தது. அது ஒலிபரப்பே அல்ல, எனவே ஒலிபரப்புக்கான விதிகளில் சிக்குவதில்லை. தொலைநோக்கிக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் தன் ரேடியோ கற்றையைத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாட்டை அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள், அது நல்ல தொடக்கம். கசிவை மட்டும் வடிவமைக்கும்போதே அடைக்க வேண்டும். ஏவியபின் யாரும் மேலே போய்ச் சரிசெய்ய முடியாது.