கரையோரக் கேள்வி பதில்: கப்பல் கம்பெனி கிளார்க் கான்சல் ஆன கதை

கேள்வி: பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷிப்பிங் ஏஜென்சியில் பில் எழுதுகிறேன். தூதரக வேலைக்கெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான் போக முடியும் என்கிறார் மாமா. அந்தக் காலத்திலாவது என்னைப் போல ஒருத்தர் போயிருக்கிறாரா? (வாசகர், கீழக்கரை)

பதில்: போயிருக்கிறார் தம்பி. பெயர் ரோஜர் கேஸ்மென்ட். 1864-ல் டப்ளின் பக்கத்தில் சாண்டிகோவ் என்கிற கடலோர ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதில் அம்மா தவறிவிட்டார், சில வருஷத்தில் அப்பாவும். அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிமில் சொந்தக்காரர்கள் ஆதரவில் வளர்ந்து, பதினாறு வயது வாக்கில் பள்ளிக்கூடத்தை விட்டு, லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் கப்பல் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் விடுகிற கம்பெனி அது. மேஜை வேலை ஒத்துவரவில்லை, 1884-ல் காங்கோவுக்கே வேலைக்குப் போய்விட்டார்.

மாமா சொல்வதும் பொய்யில்லை. அன்றைய பிரிட்டனில் தூதர் வரிசைக்குள் நுழைய வீட்டில் சொத்து வருமானம் இருக்க வேண்டும். ஆனால் கான்சல் வேலை தனிப் பிரிவு. துறைமுகத்தில் உட்கார்ந்து தன் நாட்டுக் கப்பலையும் மாலுமியையும் வியாபாரியையும் கவனிக்கிற வேலை, அதற்கு ஊரும் ஆறும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 1892-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் கரையில் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் சேர்ந்த கேஸ்மென்ட், 1895-ல் லொரென்சோ மார்க்கெஸில் (இன்றைய மொசாம்பிக் நாட்டின் மபூட்டோ) கான்சல் ஆனார். இன்று உங்களுக்குச் சொத்து வேண்டாம், ஒரு டிகிரி வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைக் கல்வி டிகிரி போதும், யுபிஎஸ்சி எழுதலாம். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் விசைப்படகுகளை இலங்கை நேவி பிடிக்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரக அதிகாரிகள் மீனவர்களைப் போய்ப் பார்த்தார்கள் என்று பேப்பரில் வருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வருவதால் என்ன ஆகிவிடும்? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: நிறைய ஆகும் அம்மா, பார்க்கிறவர் கண்ணைத் திறந்து பார்த்தால். துணைத் தூதரகம் என்பது கான்சல் அலுவலகம்தான். மேலே சொன்ன அதே கேஸ்மென்ட் 1903-ல் காங்கோவில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்தபோது செய்ததைக் கேளுங்கள். பெல்ஜிய அரசர் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த நாடு அது. அங்கே ரப்பருக்காக நடக்கிற கொடுமையை விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லியோபோல்டின் அரசாங்கப் படகில் போனால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று, அமெரிக்க பாதிரிமாரின் சிறு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆற்றில் ஏறினார். இளவயதில் தான் பார்த்தபோது ஜனம் நெரிந்த கரையோர ஊர்கள் ஆளில்லாமல் கிடந்தன. ரப்பர் எடை குறைந்தால் பெண்களைப் பிடித்து அடைத்துவைப்பது, சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்ட மனிதர் கையை வெட்டிக் கொண்டுபோவது, இதையெல்லாம் பட்டவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார். 1904-ல் அறிக்கையை வெளியிட்ட பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் ஆள் பெயர், ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டது. கேஸ்மென்ட் கொதித்துப்போனார். எனக்கும் அதைப் படிக்கையில் ஆத்திரம்தான் வருகிறது, பெயரை எடுத்துவிட்டால் அந்த மனிதரையே எடுத்துவிட்ட மாதிரிதானே.

அப்புறம், கீழக்கரைத் தம்பி இதையும் படிக்க வேண்டும். அதே எல்டர் டெம்ப்ஸ்டரில் கிளார்க்காக இருந்த மோரல் என்பவர், காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் நிறைய வருகிறது, திரும்பிப் போகிற கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்தான் போகிறது என்பதைச் சரக்குக் கணக்கை வைத்தே பிடித்தார். கூலி கொடுக்காமல் வேலை வாங்குகிறார்கள் என்பது அந்தத் தாள்களிலேயே இருந்தது. இருவரும் கைகோத்து 1904-ல் காங்கோ சீர்திருத்தச் சங்கம் தொடங்கினார்கள். 1908-ல் காங்கோ அரசர் கையைவிட்டுப் போனது.

கேள்வி: கேஸ்மென்ட்டைத் தூக்கில் போட்டார்களாமே, ஏன்? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: 1910-ல் அமேசான் காட்டில் புட்டுமாயோ ரப்பர் கொடுமையை விசாரித்ததற்காக 1911-ல் சர் பட்டம் கொடுத்தார்கள். 1913-ல் வேலையை விட்டுவிட்டு அயர்லாந்து விடுதலைக்கு இறங்கினார். உலகப் போர் நடக்கையில் ஜெர்மனியிடம் ஆயுதம் கேட்டது ராஜத்துரோகம் ஆனது. பட்டத்தைப் பறித்து, 1916 ஆகஸ்ட் 3-ல் லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிட்டார்கள். உடலை அயர்லாந்துக்குத் தர பிரிட்டனுக்கு 1965 வரை மனம் வரவில்லை.