நட்ட கிழங்கு ஏன் அழுகிச்சு: யாகோன் பத்தி ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நிலாவெளியில இருந்து எழுதுறன். தைப்பொங்கலுக்கு லண்டன்ல இருந்து வந்த அண்ணா யாகோன் எண்டு மூண்டு கிழங்கு பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு வந்தவர். ரெண்டைத் தோல் சீவிப் பச்சையாவே சாப்பிட்டம், நல்ல சாறு, நல்ல இனிப்பு. மிச்சத்தைக் கிணத்தடியில நட்டு ஒரு மாசமா தண்ணி ஊத்தினன், ஒண்டும் வரேல்ல, கிண்டிப் பாத்தா அழுகிக் கிடக்கு. எங்கட மணல் தரை தான் பிழையோ? அம்மாவுக்குச் சீனி வருத்தம், இந்தக் கிழங்கு அதுக்கு நல்லது, இலையையும் தேத்தண்ணி மாதிரிப் போட்டுக் குடிக்கலாம் எண்டு யூடியூப்ல சொல்றாங்க. வளர்க்கிறதும் சமைக்கிறதும் எப்படி எண்டு கொஞ்சம் விளக்கமா எழுதுங்கோ.

நிலாவெளி வாசகி

அன்புள்ள தங்கச்சி,

உங்கட மண்ணில பிழையில்ல. நீங்க நட்டது சாப்பிடுற கிழங்கு, அதில முளைக்கண்ணே கிடையாது, எந்த மண்ணில வச்சாலும் அழுகத்தான் செய்யும். ராசவள்ளியைத் தோலோட ஒரு துண்டு வெட்டி நட்டா முளைக்குது, உருளைக்கிழங்கும் அப்படித்தான், அந்தப் பழக்கத்தில நாங்க எல்லாக் கிழங்கையும் அப்படியே நினைச்சிடுறம். யாகோன் செடியைக் கிண்டி எடுத்தா ரெண்டு விதமா இருக்கும். தண்டு மண்ணுக்குள்ள இறங்கிற இடத்தில இஞ்சி மாதிரிக் கணுக்கணுவா, ஊதாச்சிவப்பு முளைகளோட ஒரு கட்டி. அதில இருந்து கீழ தொங்குறது வத்தாளங்கிழங்கு மாதிரியான பெரிய கிழங்குகள். மேல இருக்கிற கட்டியத்தான் முளையோட துண்டு துண்டா வெட்டி நடுறது, கீழ இருக்கிறது சாப்பிட மட்டும். நானும் இங்கிலாந்தில இருக்கேக்க முதல் வருசம் இதே மாதிரி ரெண்டு கிழங்கை அழுக விட்டனான், பக்கத்துத் தோட்டத்து வயசான மனுசி ஒராள் தன்ர செடியைக் கிண்டிக் காட்டின பிறகுதான் விளங்கினது. அங்க பதினொரு வருசம் கவுன்சில்ல வாடகைக்கு எடுத்த ஒரு துண்டுக் காணியில இதை வளர்த்தனான், அதால எழுதுறது எல்லாம் கையால செய்து பாத்தது.

இது பெரு, பொலிவியாப் பக்கம் அந்தீஸ் மலைச்சரிவில பிறந்த பயிர். சூரியகாந்திக் குடும்பம், ஆள் உயரத்துக்கு வளரும், சின்னச் சின்ன மஞ்சள் பூ பூக்கும். 1985ல நியூசிலாந்தில இருந்து யப்பானுக்குப் போய் அங்க நல்லாப் பரவினது. 18ல இருந்து 25 டிகிரி வரைக்கும் உள்ள குளிர்ச்சிதான் அதுக்குப் பிடிச்சது, நுவரெலியா வெலிமடைப் பக்கம் எண்டா சுகமா இருக்கும், திருகோணமலையில கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில அது பாடுபடும்.

அதுக்காக இங்க வராது எண்டு சொல்ல மாட்டன். வெலிமடையில இருக்கிற சிநேகிதி ஒராள் முளைக்கட்டி தந்தவ, போன வருசம் புரட்டாதியில அதை அஞ்சு துண்டா வெட்டி நாத்துப் பையில வச்சு, ஐப்பசியில உவர்மலையில எங்கட வளவில மாமரத்துக்குக் கிழக்கால இறக்கினன், காலை வெயில் படும், மத்தியானம் நிழல். மூண்டை ஒண்டரை அடி உயரத்துக்கு மண் அணைச்சுக் கூட்டெரு போட்டு மேட்டில வச்சன், இடம் காணாம ரெண்டைத் தட்டையா வச்சன், கார்த்திகை மழையில அந்த ரெண்டும் தண்ணி நிண்டு அழுகிட்டுது. மேட்டில வச்சது மூண்டும் மார்கழி தை வாடைக் காத்தில என்ன வடிவா வந்தது தெரியுமா, ஒவ்வொரு இலையும் பூசணி இலை அளவு. பங்குனியில மத்தியானம் இலை எல்லாம் தொங்கிப் போகும், பின்னேரம் தண்ணி விட்டா நிமிரும். சித்திரையில கிண்டினன், மூண்டு செடியிலயும் சேர்த்து நாலு கிலோ, இங்கிலாந்தில ஒரு செடியிலயே அவ்வளவு எடுத்திருக்கிறன். இங்க அவ்வளவுதான் எதிர்பார்க்க வேணும், ஆனா அந்த நாலு கிலோவைப் பாத்து எனக்கு வந்த சந்தோசத்தை எழுத ஏலாது. உங்கட நிலாவெளி மணல்ல தண்ணி நிக்காது, அது நல்லது, ஆனா மாட்டெருவும் காய்ஞ்ச சருகும் நிறையச் சேர்க்க வேணும், இல்லாட்டி தண்ணி விட்ட கையோட காஞ்சிடும்.

நட்டு ஆறு ஏழு மாசத்தில இலை மஞ்சளாகிக் காயத் தொடங்கும், அப்பதான் கிண்டுறது. அலவாங்கைப் போட்டு நெம்பிடாதைங்கோ, கிழங்கு கண்ணாடி மாதிரி முறியும், செடியில இருந்து ரெண்டடி தள்ளிச் சுத்தி மண்ணை இளக்கிப் போட்டுக் கையால எடுங்கோ. கிண்டின உடன சாப்பிட்டா பெரிசா இனிப்பு இருக்காது. நாலஞ்சு நாள் வெயில்ல போட்டு, இரவில உள்ள எடுத்து வச்சா, தோல் சுருங்கி இனிப்பு ஏறும். இது அந்தீஸ் சனங்கள் எப்பவோ கண்டுபிடிச்சது, 1653ல ஸ்பானியப் பாதிரியார் பெர்னாபே கோபோ இதைப் பழம் மாதிரிப் பச்சையா சாப்பிடுறதையும் வெயில் பட்டா ருசி கூடுறதையும் எழுதி வச்சிருக்கிறார்.

அம்மாவின்ர விசயத்துக்கு இதுதான் முக்கியம். யாகோன்ல மாச்சத்து இல்ல எண்டே சொல்லலாம், பெரும்பங்கு தண்ணி, மிச்சத்தில கூடுதலா இருக்கிறது ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைட் எண்ட ஒரு வகை இனிப்பு. எங்கட குடல் அதைச் செமிக்காது, பெருங்குடல்ல இருக்கிற நுண்ணுயிர்தான் அதைச் சாப்பிடும், அதாலதான் சீனி வருத்தக்காரருக்கு நல்லது எண்டு சொல்றது. ஆனா வெயில்ல போட்டோ கனநாள் வச்சோ இனிப்பாக்கினா அந்தச் சத்துத்தான் உடைஞ்சு சாதாரண சீனியா மாறுது, நாக்குக்கு இனிப்புக் கூடக் கூட அம்மாவுக்கு நன்மை குறையுது. அம்மாவுக்குக் கிண்டின புதுசில, இனிப்புக் குறைவா இருக்கேக்கையே, நாலஞ்சு வில்லை குடுங்கோ. கூடச் சாப்பிட்டா வயிறு ஊதும், வயித்தால போகும். குளிசையை மட்டும் ஒரு நாளும் நிப்பாட்ட வேண்டாம், கிளினிக்ல டொக்டரிட்ட சொல்லிப்போட்டுச் சாப்பிடட்டும்.

இலைத் தேத்தண்ணி வேண்டாம், தங்கச்சி. இலைச்சாறைக் கனநாள் குடுத்த எலிகளின்ர சிறுநீரகம் பாதிக்கப்பட்டது எண்டு ஆய்வு இருக்கு. எங்கட மாவட்டத்திலயே பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தத்தால எத்தினை குடும்பம் கஷ்டப்படுது, அதுவும் சீனி வருத்தம் உள்ள ஆளுக்கு இந்த ஆபத்தைக் குடுக்கலாமா?

சமைக்கிறதுக்கு வருவம். தோலைத் தடிப்பாச் சீவுங்கோ, தோல்ல ஒரு பிசின் கசப்பு இருக்கு. வெட்டின உடன கறுக்கும், தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணிக்குள்ள போடுங்கோ. எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது மெல்லிசா அரிஞ்சு உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப்புளியும் பிரட்டிறது, மாங்காய்க்குச் செய்யிற மாதிரித்தான். சின்னதாக் கொத்தி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, கொஞ்சம் மாசித்தூள் போட்டுச் சம்பலாவும் செய்யலாம், சாப்பிடப் போகேக்கதான் உப்புப் போட வேணும், இல்லாட்டித் தண்ணி விட்டிடும். இறாலை வதக்கி இறக்கிறதுக்கு ரெண்டு நிமிசம் முதல் இதைப் போட்டுப் பிரட்டினா மொறுமொறுப்பு அப்பிடியே நிக்கும். உருளைக்கிழங்கு மாதிரிப் பால்கறி வச்சிடாதைங்கோ, மாச்சத்து இல்லாததால குழம்பு தடிக்காது, நான் ஒருக்கா வச்சு முழுச்சட்டியும் தண்ணியாப் போச்சு. துருவிப் பிழிஞ்சு சாறை மெல்லிய நெருப்பில வத்த வச்சா பனம்பாணி மாதிரி ஒரு பாணி வரும், ஆனா மூண்டு கிலோக் கிழங்குக்கு ஒரு சின்னப் போத்தல் தான் கிடைக்கும், இங்க விளையிற அளவுக்கு அது கட்டாது.

அண்ணாவிட்ட இதையும் சொல்லுங்கோ, அடுத்தமுறை முளைக்கட்டியைப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு வர வேண்டாம். 1999ம் ஆண்டு 35ம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி எடுத்துத்தான் செடி கொடி கொண்டு வரலாம். எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா 2008ல பப்பாசியில அந்த வெள்ளை மாவுப்பூச்சி நாட்டுக்குள்ள வந்து மரம் மரமா அழிச்சது ஞாபகம் இருக்குத்தானே, வெளியில இருந்து ஒரு பூச்சி வந்திட்டா பிறகு திருப்பி அனுப்ப ஏலாது.

சித்திரையில கிண்டின முளைக்கட்டியை ஈரமணல் போட்ட வாளிக்குள்ள நிழல்ல வச்சிருக்கிறன், கிழமைக்கு ஒருக்காத் தண்ணி தெளிக்கிறன், இதுவரைக்கும் முளை எல்லாம் உயிரோட இருக்கு. உங்களுக்கு ரெண்டு துண்டு எடுத்து வச்சிடுறன். புரட்டாதி பிறந்த உடன வாங்கோ, அதுக்கு முதல் கிணத்தடியில நிழல் படுற பக்கமாப் பாத்து மேட்டைக் கட்டி வச்சிடுங்கோ. மேட்டில மிச்ச இடம் இருந்தா ஓரத்தில ராசவள்ளியும் ஒண்டு ஊண்டுங்கோ, வேலியில படரட்டும்.